காலாவதியாகாத அறை

சேந்தன்துறையில் பால் திரியாமலும் பூ வாடாமலும் காத்தவராயன் சாகாமலும் இருந்த அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரில் எல்லாரும் முதலில் பாலைப் பற்றித்தான் சொல்வார்கள், ஏனென்றால் அதைச் சொல்வது சுலபம். பெண்கள் பாலிடெக்னிக்கில் பெருக்குகிற வேலையும் ஆசிரியர்களுக்கு டீ போடுகிற வேலையும் பார்த்த அமிர்தம், பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் மிஞ்சிய ஒரு லிட்டர் பாலை மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் மறந்து வைத்துவிட்டுப் போனாள். ஆறு நாள் கழித்து வந்து பார்த்தபோது பால் அப்போது கறந்ததுபோல இருந்தது. காய்ச்சி டீ போட்டாள், எல்லாரும் குடித்தார்கள், குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் முதல்வர் அது என்றைக்கு வாங்கிய பால் என்று கேட்டார். அமிர்தம் சொன்னாள். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. மறுநாளும் அவள் பாலை அதே அறையில்தான் வைத்தாள்.

அந்த அறையில் ஒரு மர மேசையும் அதன்மேல் ஒரு பழைய கம்ப்யூட்டரும் தவிர வேறொன்றும் கிடையாது. ஏதோ ஒரு அலுவலகம் வேண்டாம் என்று கழித்ததை யாரோ கல்லூரிக்குத் தானமாகக் கொடுத்திருந்தார்கள். உப்புக்காற்றில் அதன் உடம்பெல்லாம் துரு, ஒரு பக்கத்துத் தகடு எப்போதோ தொலைந்துவிட்டது, மானிட்டர்கூட இல்லை, உள்ளே டிஸ்க் சுற்றும்போது யாரோ விரல் நெட்டி முறிப்பதுபோலச் சத்தம் கேட்கும். ஆனாலும் அதற்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் ஊருக்கு வருகிற இன்டர்நெட் லைன் மெலிந்தது, மழைக்காலத்தில் நாளுக்கு நாலு மணி நேரம்கூட நிற்காதது. அதனால் மாடி ஆய்வகத்தில் ஒரு பிள்ளை தன் கம்ப்யூட்டருக்கு ஒரு மென்பொருள் கேட்டால், இந்தப் பெட்டி அதை வெளியிலிருந்து ஒரு தடவை மெல்ல இறக்கி, தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொண்டு, மற்ற முப்பத்தொரு கம்ப்யூட்டருக்கும் அந்த நகலையே எடுத்துக் கொடுக்கும். நகல் பழசாகிவிட்டதா, வெளியே புதுசு வந்திருக்கிறதா என்று தேதியை வைத்துப் பார்த்துக்கொள்வதும் அதன் பொறுப்பு. பிள்ளைகள் அதற்குக் கிடங்கு என்று பேர் வைத்திருந்தார்கள்.

பால் விஷயம் பரவியதும் ஊர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மீன் விற்கிற பெண்கள் மிஞ்சிய மீனைக் கூடையோடு கொண்டுவந்து வைத்தார்கள், நாற்றமடிக்கும் என்று முதல்வர் சண்டைக்குப் போனார், நாறவில்லை என்றதும் தன் வீட்டுத் தோசை மாவைக் கொண்டுவந்து வைத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் மாலைகளை முந்தின வாரமே கட்டி வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு பொருள்தான், அதுவும் பேர் எழுதி ஒட்ட வேண்டும் என்று ஒரு விதி தானாகவே உண்டாயிற்று. ஒரு வீட்டுக்காரர்கள் அடைக்கோழியை முட்டையோடு கொண்டுவந்து வைத்தார்கள். அது நாற்பத்தாறு நாள் அடைகாத்து, ஒரு முட்டையும் பொரியாமல், ஒருநாள் தானாக எழுந்து வெளியே போய்விட்டது. பிரசவத்துக்குத் தன் புருஷன் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர வேண்டும் என்று ஒரு பெண் நாலு நாள் அறைக்குள் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள்; வயிற்றுக்குள் பிள்ளை அசையவே இல்லை என்று பயந்துபோய் ஓடிவந்தாள், வாசற்படி தாண்டியதும் அது உதைத்தது, அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு மனிதர்களை உள்ளே உட்கார வைப்பதை யாரும் நினைக்கவில்லை, அமிர்தம் ஒருத்தியைத் தவிர.

அமிர்தத்தின் புருஷன் காத்தவராயன் முப்பது வருஷம் உப்பளத்தில் வரப்புப் போட்டவர், பாத்தியில் உப்பு வாரியவர். பிள்ளை இல்லை. ஈரல் கெட்டுவிட்டது, இனி பத்து நாளோ பதினைந்து நாளோ என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபோது அவர் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார், கண் மஞ்சளாகியிருந்தது. அமிர்தம் வீட்டுக்குப் போகவில்லை. பங்குனி மாதம் ஒரு மத்தியானம் ஆட்டோவை நேரே பாலிடெக்னிக்குக்கு விடச்சொல்லி, அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, அறையிலிருந்த மீன்கூடைகளையும் மாலைகளையும் ஒரு ஓரமாகத் தள்ளி, ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தாள். முதல்வர் வந்து பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். பத்து நாள் போயிற்று, பதினைந்து நாள் போயிற்று, சித்திரை போய் ஆடி வந்தது, காத்தவராயன் அந்தப் பங்குனி மத்தியானத்தில் எப்படிப் படுத்தாரோ அப்படியே படுத்திருந்தார். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. மாலை எடுக்க வருகிறவர்கள் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள், முகூர்த்தப் பத்திரிகையில் ஒன்றை அவர் கையிலும் கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை அமிர்தம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள், ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். அத்தனை சந்தோஷமாக அவளை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்தச் சித்திரையில்தான் கெட்டதும் ஒன்று நடந்தது. கடைசி வருஷப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்து ஆள் எடுக்க வெளியூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. பரீட்சை, பிள்ளைகள் பழகிய அதே ஆய்வகத்தில். கம்பெனிக்காரர்கள் கொடுத்த கோப்புகளை ஆய்வகத்துக் கம்ப்யூட்டர்கள் திறக்கவே மாட்டேன் என்றன, ஏனென்றால் அவற்றில் இருந்த மென்பொருள் ஒவ்வொன்றும் இரண்டு வருஷம் பழசு. ஒரு பிள்ளையைக்கூட எடுக்காமல் கம்பெனி திரும்பிப் போயிற்று. அந்த வருஷத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் இப்போது உப்பளத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆய்வகத்து ஆசிரியை தையல்நாயகி அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நாற்பத்துநாலு வயது, அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருப்பவர், ஒரு கோளாறைப் பார்த்துவிட்டால் அதை விட்டுவிட்டுப் போகத் தெரியாதவர். எந்தக் கம்ப்யூட்டர் எந்தத் தேதியில் என்ன செய்தது, தான் என்ன செய்தார் என்று எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பார். புது மென்பொருளைக் கேட்டால் கிடங்கு பழைய நகலையே எடுத்துக் கொடுக்கிறது, வெளியே போய்க் கேட்பதே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. முதலில் லைன் என்று நினைத்தார், கம்பியை மாற்றினார். பிறகு தூசி என்று நினைத்து உள்ளே ஊதித் துடைத்தார். ஒரே ஒரு நினைவக அட்டை இருந்தது, அதை ரப்பரால் தேய்த்துப் பொருத்தினார். வைத்திருந்த நகல்களை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று பார்த்தார், அழித்தது மறுநாள் அப்படியே இருந்தது. டிஸ்க்கைப் பரிசோதிக்கச் சொன்னார், அந்தப் பெட்டி இருக்கிற வேகத்தில் அது முடிய மூன்று நாளாயிற்று, மூன்றாம் நாள் கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இப்படியே ஐப்பசி வந்தது, தை வந்தது.

அவர் அறைக்குள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை பார்க்கும்போது கட்டிலில் படுத்தபடியே காத்தவராயன் துணையிருப்பார். கழற்றிய திருகாணிகளை அவர் உள்ளங்கையில்தான் வைப்பார் ஆசிரியை, ஒன்றுகூடத் தொலையாது. உப்பு எப்போது பூக்கும், எந்தக் காற்றுக்குப் பாத்தி கலங்கும் என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார், நகல் என்றால் என்ன, காலாவதி என்றால் என்ன என்று ஆசிரியை சொல்லிக்கொண்டிருப்பார்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேறு வழி தெரியாமல், மாடியிலிருந்து ஒரு மானிட்டரைத் தூக்கிவந்து நேராகவே பெட்டியில் மாட்டிப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது, பெட்டி எழுதிவைத்திருந்த குறிப்புகளில் ஒவ்வொரு வரியிலும் ஒரே தேதி. பல வருஷத்துக்கு முந்தின ஒரு ஜனவரி ஒன்று. உள்ளே கடிகாரத்தை ஓட்டுகிற சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. எங்கள் ஊரில் நாள் தவறாமல் கரண்ட் போகும், போய் வரும்போதெல்லாம் பெட்டி அந்த ஜனவரி ஒன்றுக்குத் திரும்பிப் போகும். அதனிடம் இருக்கிற எந்த நகலும் காலாவதியாக இன்னும் வருஷக்கணக்கு இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

ஆசிரியை சரியான தேதியைக் கையாலேயே அடித்தார். காலை பத்து மணி. கொஞ்ச நேரத்தில் மாடியில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது, முப்பத்திரண்டு கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் புதுசு இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தன. அவர் சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்த டீயை எடுத்தார். டீ ஆறியிருந்தது. அந்த அறையில் டீ ஆறி அவர் பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தார். காத்தவராயன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் வேர்வை, பல்லைக் கடித்திருந்தார், ஆனால் கண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன, எதையோ மோப்பம் பிடிப்பவர்போல. பத்தே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. வந்தபோது அவர் மறுபடி படுத்திருந்தார், வேர்வை அப்படியே நின்றிருந்தது, கூடவுமில்லை, காயவுமில்லை.

தையல்நாயகி அமிர்தத்திடம் இன்னொரு டம்ளர் டீ கேட்டு வாங்கி மேசைமேல் வைத்தார். தேதியைத் திருத்தினார், பத்து நிமிஷத்தில் டீ ஆறியது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டார், புது டீயை வைத்தார், அரை மணி நேரம் அது ஆவி பறக்க நின்றது. மூன்று தடவை செய்து பார்த்தார். எதனால் இப்படி என்று அவர் யோசிக்கவில்லை, எங்களில் யாரும் இன்றுவரை யோசித்ததில்லை. அவர் நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டு, கோளாறுக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதினார். அந்த நோட்டில் அவர் எழுதிய ஒரே பொய் அதுதான். மாலையில் கடிகாரக் கடைக்குப் போய் அதே மாதிரி பேட்டரி ஒன்றை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார், அது அங்கேயே கிடந்தது.

கம்பெனி மறுபடி வரப்போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு முக்கால் மணி நேரம் வந்த புது மென்பொருள் ஏன் நின்றுபோயிற்று என்று பிள்ளைகள் கேட்டார்கள், ஆசிரியை லைனைக் குறை சொன்னார். அறைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார். ஒருநாள் போனபோது காத்தவராயன்தான் பேச்சை எடுத்தார்.

“டீச்சரம்மா, அன்னைக்கு எனக்குப் பசிச்சுது.”

ஆசிரியை கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இங்க வந்ததுலேருந்து பசியே இல்ல. வலி மட்டும் வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அமிர்தம் பக்கத்துல உக்காந்து சாப்புடுது, கொழம்பு வாசன எனக்கு வரமாட்டேங்குது. அன்னைக்கு வந்துச்சு. வெளிய யாரோ கருவாடு சுட்டாங்க.” பெட்டியைப் பார்த்தபடி அவர் கேட்டார், “அந்தத் தேதிய அப்படியே நிக்க வைக்க வழி இருக்குல்ல?”

“ஒரு சின்ன பேட்டரிண்ணே. மாத்துனா போதும்.”

“அப்ப மாத்திருங்க.”

“அக்காகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

தானே சொல்வதாக அவர் சொன்னார். நாலு நாள் அவரால் சொல்ல முடியவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், அமிர்தம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, சொல்லிவிட்டார். அமிர்தம் பிசைந்த கையோடு எழுந்து மாடிக்குப் போனாள், வகுப்பு நடக்கிற இடத்தில் வாசலில் நின்று, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, ஆசிரியையைப் பார்த்தபடியே ரொம்ப நேரம் நின்றாள். கீழே போய் அறைக்குள் நுழைந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் அவள் திறக்கவில்லை. கல்லூரி பெருக்கப்படவில்லை, டீ இல்லை. ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது: வேலை அடுத்த வருஷமும் வரும், போன உசிர் வருமா என்று ஒரு பக்கம், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கை என்று ஒரு பக்கம், இதற்கிடையில் என் மீன் உள்ளே இருக்கிறது என்று சில பேர். முதல்வர் யார் பக்கமும் பேசாமல் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் கடைசி வருஷப் பிள்ளைகள் எல்லாரும் படியிறங்கி வந்து அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார்கள். அவர்களில் நிலோபர் என்ற பெண்தான் பேசினாள். எங்களுக்குப் பரீட்சை வேண்டாம் அமிர்தம்மா, வேண்டாம் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம், நீங்கள் கதவைத் திறந்து கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு எல்லாரும் அப்படியே நின்றார்கள். நிலோபரின் அக்காவும் போன வருஷம் அந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தவள், அவள் எந்தப் பாத்தியில் உப்பு வாருகிறாள் என்பது அமிர்தத்துக்குத் தெரியும். உள்ளேயிருந்து காத்தவராயன் பேசுகிற குரல் கேட்டது என்று பிள்ளைகள் சொன்னார்கள், மெதுவாக, வாக்கியம் வாக்கியமாக, இடையில் நிறுத்தி நிறுத்தி. என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கதவு திறந்திருந்தது. அமிர்தம் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஆசிரியை வந்ததும் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு அந்தப் பேட்டரி எங்கே என்று கேட்டாள். ஆசிரியை கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பழைய எட்டணாக் காசு அளவுதான் இருக்கும். அமிர்தம் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

“இவ்வளவுதான்கா.”

சொல்லி அனுப்பியதும் ஊரார் ஒவ்வொருவராக வந்து அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு போனார்கள், மீன்கூடை, மாவுச்சட்டி, யாரோ ஒரு மகன் வெளிநாடு போன அன்று கடித்து வைத்துவிட்டுப் போன பாதிப் பழம். ஒருவரும் சத்தம் போடவில்லை, காத்தவராயனைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அறை காலியானதும் ஆசிரியை பெட்டியை அணைத்தார். டிஸ்க் நின்றது. அந்தச் சத்தம் இல்லாமல் அந்த அறை எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய பேட்டரியை நெம்பி எடுத்தார், புதியதை வைக்கப் போனபோது அது விரலிலிருந்து நழுவி இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை அமிர்தம் அதைத் தரையிலிருந்து எடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டு, கட்டை விரலால் அழுத்தி வைத்தாள். டக்கென்று ஒரு சின்ன சத்தம் வந்தது. பெட்டியைப் போட்டார்கள். தேதியை அடித்தார்கள். மத்தியானம் கரண்ட் போய் வந்தது, தேதி அப்படியே நின்றது. அன்று மாலை தையல்நாயகி நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, பேட்டரி மாற்றப்பட்டது என்று எழுதினார்.

அந்த வருஷம் கம்பெனி பத்தொன்பது பிள்ளைகளை எடுத்தது. நிலோபர் அதில் இல்லை. அவள் இரண்டு வருஷம் கழித்து வேறு எங்கோ போனாள்.

காத்தவராயன் வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் இருந்தார். முதல் நாள் ரசஞ்சோறு ஒரு கிண்ணம் சாப்பிட்டார், கருவாடு கேட்டார், டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தார், அமிர்தம் சுட்டுக் கொடுத்தாள். இரண்டாம் நாள் தூங்கி எழுந்து கனவு கண்டதாகச் சொன்னார், என்ன கனவு என்று கேட்டால் மறந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். நாலாம் நாள் வலி கூடியது, ஆறாம் நாள் இன்னும் கூடியது, அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தத்தை எங்கள் தெருவில் யாரும் பேச விரும்புவதில்லை. அமிர்தம் அழவில்லை. தையல்நாயகி தினமும் மாலையில் வந்து வாசலில் உட்காருவார், உள்ளே போகத் துணிவில்லை. ஏழாம் நாள் அமிர்தமே அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையிலேயே அமிர்தம் கவனித்திருந்தாள், காத்தவராயன் கன்னத்தில் தாடி முளைக்க ஆரம்பித்திருந்தது. பதினோரு மாதமாக முளைக்காத தாடி. அவள் பிளேடும் சோப்புக் கிண்ணமும் எடுத்துவந்து தானே மழித்துவிட்டாள். மறுநாளும் முளைத்தது, மறுநாளும் மழித்தாள். வலியில் அவர் துடித்த நாட்களிலும் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, அவர் ஓய்கிற நேரம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மழித்தாள். ஒன்பதாம் நாள் காலையிலும் மழித்தாள். அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் மூச்சு நின்றது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூடினார்கள். அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரப் போனார்கள். அமிர்தம் குனிந்து அவர் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள், ஒரு தடவை கீழிருந்து மேலாக, ஒரு தடவை மேலிருந்து கீழாக. பிறகு பக்கத்திலிருந்த தையல்நாயகியின் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தாள்.

“தொட்டுப் பாருங்க டீச்சர்,” என்றாள். “காலையில செரச்சது. அதுக்குள்ள வளந்துட்டுது.”